முதலில் ஈரத்துக்கு வழிவிடுங்கள்

பிக்கப் ட்ரக்கில் காம்பர் ஏற்றி வைத்திருக்கும், இனி ஏற்ற நினைத்திருக்கும் கனடாத் தமிழ் நண்பர்களுக்கு,



ஒக்ரோபர் மாதம் நன்றியறிதல் நாள் விடுமுறை கழிந்ததும் உங்களில் பெரும்பாலானோர் காம்பரைக் கழுவித் துடைத்து, நாலு கால்களையும் இறக்கி, ட்ரக்கை அடியிலிருந்து வெளியே எடுத்து, தார்ப்பாயால் மூடிவிடுகிறீர்கள். மே மாதம் வரை அது வாசலில் பனியைச் சுமந்துகொண்டு நிற்கும். இந்த முறை பனிக்காலத்திலும் போய்ப் பார்ப்போம் என்று துணிந்த மிச்சப் பேர் இரண்டே இரண்டு கேள்விகளோடு வருகிறீர்கள். எந்த ஹீற்றர் நல்லது? சோலர் எத்தனை வாற்ஸ் போடவேண்டும்? கேட்கவேண்டிய கேள்விகள்தான், ஆனால் அவற்றின் முறை பிறகு வரும். பனிக்காலத்தில் காம்பரைப் பழுதாக்குவதும், ஆட்களை இரண்டாம் நாளே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் பெரும்பாலும் உள்ளே சேரும் ஈரம். அதைக் கவனியாமல் ஆயிரக்கணக்கில் காசைக் கொட்டி ஹீற்றரும் பற்றரியும் மாற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த மடல் அந்தக் கவலையில் எழுதப்படுகிறது.

ஏன் போகவேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஒன்ராறியோ மாகாணப் பூங்கா ஒன்றில் இடம் பிடிக்க ஐந்து மாதம் முன்னதாகவே காலை 7 மணிக்குக் கணினிக்கு முன்னால் குந்தியிருக்கவேண்டும். போய்ச் சேர்ந்தால் ஜூனில் கறுப்பு ஈ, ஜூலையில் நுளம்பு. ஜனவரியில் இவை எதுவும் இல்லை. அல்கோன்குவின் பூங்காவில் 60ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் மியூ லேக் முகாம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. மின்வசதி உள்ள இடங்களும் அங்கே உண்டு. ஹூரோன் ஏரிக்கரையில் கிராண்ட் பெண்டுக்குப் பக்கத்திலுள்ள பைனறி மாகாணப் பூங்காவும் அப்படித்தான். மேற்கே இருப்பவர்களுக்கு பான்ஃப் நகருக்கு மேலே டனல் மவுண்டன் முகாமின் ஒரு பகுதி பனிக்காலத்திலும் இயங்குகிறது. இந்த இடங்களுக்கு ஒரு ட்ரெயிலரைப் பின்னால் இழுத்துக்கொண்டு பனித் தெருவில் போக நான் யாருக்கும் சொல்லமாட்டேன். காம்பர் வேறு. அது ட்ரக்கின் பின்பெட்டிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். சாரதியின் தலைக்கு மேலே கட்டில், பின்னால் அடுப்பும் மேசையும். வண்டி ஒரே துண்டு. பாரம் பின்சக்கரங்களில் இறங்குவதால் பிடிப்பும் கூட. கட்டட வேலை, கூரை வேலை, திருத்த வேலை என்று நம்மில் எத்தனையோ பேரின் வாசலில் ட்ரக் ஏற்கெனவே நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. நம் அம்மா அப்பாமார் இந்த நாட்டின் பனிக்காலத்தைப் பேஸ்மென்ற் வீட்டிலும், பஸ் தரிப்பிலும், தொழிற்சாலை இரவு வேலை முடிந்து வரும் வழியிலும்தான் கண்டார்கள். அவர்களுக்கு அது சகித்துக் கடக்கவேண்டிய காலமாக இருந்தது. அவர்கள் சகித்ததால்தான் நமக்கு இன்று ஒரு ட்ரக்கும் ஓய்வு நாளும் இருக்கின்றன. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு உறைந்த ஏரியையும், பனியில் முயலின் கால்தடத்தையும் காட்டாமல் அரை வருடத்தைச் சுவருக்குள் கழிப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

சரி, ஈரத்துக்கு வருவோம்.

நித்திரையில் இருக்கும் ஓர் ஆள் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் கால் லீற்றர் அளவு தண்ணீரைக் காற்றில் விடுகிறார். கணவன் மனைவி என்றால் அரை லீற்றர். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு லீற்றருக்குக் கிட்ட. வீட்டில் இது தெரியாது, ஏனென்றால் வீடு பெரிது. காம்பருக்குள் இருப்பதோ சுமார் 15 கனமீற்றர் காற்று. 20 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்று ஆகக்கூடியது 17 கிராம் நீராவியைத்தான் வைத்திருக்கும். ஆகவே முழுக் காம்பருக்குமே கால் லீற்றருக்குமேல் கொள்ளாது. மிச்சத் தண்ணீர் குளிர்ந்த இடங்களைத் தேடிப் போய்ப் படியும். குளிர்ந்த சோடாப் போத்தல் வெளிப்பக்கம் வியர்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காம்பரில் வியர்ப்பது யன்னல் கண்ணாடி, அலுமினியச் சட்டம், அலுமாரியின் உள்மூலை, எல்லாவற்றுக்கும் மேலாக மெத்தையின் அடிப்பக்கம்.

மெத்தையைத் தனியாகச் சொல்லவேண்டும். சாரதி அறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டிலுக்குக் கீழே ஒரு மெல்லிய பலகை, அதற்குக் கீழே வெளிக்காற்று. மேலே உங்கள் உடல் சூடு, கீழே மைனஸ் 20. இடையில் மெத்தைக்குள் இறங்கும் ஈரம் பலகையைத் தொட்டதும் தண்ணீராகிறது, சில இடங்களில் பனிக்கட்டியாகவும் ஆகிறது. மெத்தைக்கு மேலே எல்லாம் காய்ந்தே இருக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு புளிச்ச மணம் வரும். தூக்கிப் பார்த்தால் கறுப்புப் பூஞ்சணம். இழுப்பு வருத்தம் உள்ள பிள்ளை அந்தக் கட்டிலில் படுக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இதற்குச் செய்யவேண்டியது மிகச் சின்ன வேலை. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓட இடம் விடுங்கள். அதற்கென்றே விற்கும் வலைப்பாய் இருக்கிறது, மரச் சட்டங்களை வரிசையாக அடித்தாலும் போதும். காலையில் எழும்பியதும் மெத்தையைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து அரை மணித்தியாலம் காயவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்கு நிகரான மேம்பாடு எதையும் நான் கண்டதில்லை.

அடுத்தது காற்றோட்டம். இங்கேதான் நம்மவர் எல்லோரும் நேர் எதிராகச் செய்கிறார்கள். குளிர் வந்துவிடும் என்று கூரைத் துவாரத்துக்குள் பஞ்சுத் தலையணையைத் திணித்து, யன்னல் இடுக்கெல்லாம் ஒட்டி, கதவுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைக்கிறார்கள். காம்பர் இறுக மூடிய பெட்டியாகிவிடுகிறது. மைனஸ் 20 பாகையில் வெளிக்காற்று ஒரு கனமீற்றருக்கு ஏறக்குறைய 1 கிராம் ஈரம்தான் வைத்திருக்கும். அந்தக் காற்று உள்ளே வந்து சூடானதும் எக்கச்சக்கமான ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேறத் தயாராக இருக்கும். காம்பரின் காற்று முழுவதையும் ஒருமுறை மாற்றினால் 100 கிராமுக்குமேல் தண்ணீர் வெளியே போய்விடும். புதிதாக வந்த காற்றைச் சூடாக்க 25 கிராம் புரொப்பேன் போதும். இரண்டு பேரின் ஓர் இரவு மூச்சை வெளியேற்ற ஐந்து முறை காற்று மாறவேண்டும். செலவு 125 கிராம் காஸ். கடதாசிக் கணக்கை நம்பாமல் இரட்டிப்பாக வைத்தாலும் கால் கிலோ. அதற்குப் பயந்து ஒரு மெத்தையையும் சுவரையும் இழக்கலாமா? கூரைத் துவாரத்தை ஒரு விரல் அளவு, எதிர்ப்பக்கத்தில் கீழே ஒரு யன்னலை ஒரு விரல் அளவு திறந்து விடுங்கள். சிறிய விசிறி ஒன்று மெதுவாகச் சுற்றட்டும். இரவில் அலுமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், சூடான காற்று மூலைவரை போகட்டும். யன்னலுக்கு வெள்ளித்தாள் மறைப்புப் போடுவது நல்லதுதான். ஆனால் மறைப்புக்குப் பின்னால் கண்ணாடியில் பனி கட்டும், காலையில் எடுத்துத் துடைக்காவிட்டால் அது உருகிச் சுவருக்குள் இறங்கும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி மேசைக்கு மேலே மாட்டுங்கள். அது 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் நிம்மதியாகப் படுக்கலாம்.

சமையலைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நாம் அவிக்கிற சனம். ஒரு பானை பிட்டு அவித்தாலே காம்பரின் யன்னல்களெல்லாம் வழியத் தொடங்கும். பிட்டும் இடியப்பமும் வீட்டிலேயே அவித்துக்கொண்டு போங்கள். அங்கே சூடாக்கினால் போதும். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தால் மூடியோடு வையுங்கள். பொரிக்கிறது, தாளிக்கிறது எல்லாம் வெளியே. மைனஸ் 10இல் பின்பலகையில் அடுப்பை வைத்து நின்றுகொண்டு கொத்துரொட்டி போடுவது அப்படியொன்றும் சிரமமில்லை. ஆனால் கொரியன் கடையிலும் சீனக் கடையிலும் வாங்கும் கைப்பெட்டி காஸ் அடுப்பை நம்பிப் போகாதீர்கள். அதன் குப்பியில் இருப்பது பியூற்றேன். அது பூச்சியப் பாகைக்குக் கிட்ட வந்ததும் ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். பனிக்காலத்துக்கு அதுதான்.

இப்போது ஹீற்றர் கேள்விக்குப் பதில் சொல்லலாம். எந்த ஹீற்றர் என்றாலும் அதன் புகை வெளியே போகவேண்டும். ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. புகைக்குழாய் இல்லாத சின்ன ஹீற்றர்களைச் சிலர் மேசைக்கு அருகில் வைத்து எரிக்கிறீர்கள். 9 கிலோ சிலிண்டர் ஒன்று அப்படி எரிந்து முடிந்தால் 14 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர் உங்கள் சுவரிலும் மெத்தையிலும் இறங்கியிருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து காபன் மொனொக்சைட். அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்கிறவர்களுக்கும் இதே வார்த்தை. தயவுசெய்து நிறுத்துங்கள்.

காம்பரோடு வரும் ஃபேர்னஸ் வெளியிலிருந்து காற்றை எடுத்து, எரித்து, புகையை வெளியிலேயே விடுகிறது. உள்ளே வருவது வறண்ட சூடு. சத்தம் போடும், பற்றரியைக் குடிக்கும், இருந்தும் அதை மதியுங்கள். மணிக்கு 16,000 பீ.ரி.யூ எரிக்கும் ஒன்றை 9 கிலோ சிலிண்டரில் இடைவிடாமல் ஓடவிட்டால் 27 மணித்தியாலம் வரும். பாதி நேரம் ஓடினால் இரண்டு நாளைக்கு மேல். கடும் குளிரில் பாதிக்கு மேல்தான் ஓடும். ஆகவே இரண்டு சிலிண்டர், இரண்டும் நிறைந்தபடி. அடிமட்டத்துக்கு இறங்கிய சிலிண்டர் மைனஸ் 30இல் காஸைப் போதிய வேகத்தில் தராது. டீசல் ஹீற்றர் பூட்டுகிறவர்கள் கூடிவருகிறார்கள். மின்சாரம் குறைவாக எடுக்கும், சூடும் நல்ல வறண்ட சூடு. விலை மலிவு என்று வாங்கி, புகைக்குழாயை அரைகுறையாக மாட்டி ஓட்டாதீர்கள். பூட்டத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

காபன் மொனொக்சைட்டைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். 2008இல் ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக் நகரில் ஒரு பொலிஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் சொந்த வீட்டிலேயே காபன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரில்தான் 2013இல் ஒன்ராறியோ சட்டமன்றம் ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டத்தை நிறைவேற்றி, வீடுகளில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. காம்பரிலும் நடக்கக்கூடியது இதேதான். இரவில் கொட்டும் பனி ஃபேர்னஸின் புகைவாயை மூடிவிடும். படுக்கப் போகமுன் ஒருமுறை, நடுச்சாமத்தில் எழும்பினால் இன்னொருமுறை வெளியே போய்ப் பாருங்கள். ட்ரக் இயந்திரத்தை ஓடவிட்டபடி நித்திரை கொள்ளாதீர்கள். எச்சரிக்கைக் கருவியின் பின்புறத்தில் காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும். பழைய காம்பர் வாங்கியவர்கள் இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். புரொப்பேன் காற்றைவிடப் பாரமானது என்பதால் அதன் கசிவைக் காட்டும் கருவி தரைக்குக் கிட்ட இருக்கவேண்டும்.

குழாய்த் தண்ணீர் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: ஒன்ராறியோவில் வார இறுதிக்குப் போய்வரும் குடும்பம் குழாயைப் பாவிக்கத் தேவையில்லை. தண்ணீர் உறையும்போது 9 வீதம் பருக்கிறது. எங்கோ கண்ணுக்குப் படாத ஒரு மூட்டு வெடித்தால் வசந்தத்தில்தான் தெரியவரும், அதற்குள் நிலப்பலகை போய்விடும். தாங்கிகளைத் திறந்து வடித்து விடுங்கள். சுடுநீர்ப் பெட்டியை வடித்து, தண்ணீர் அதற்குள் போகாமல் பைபாஸ் வால்வைத் திருப்புங்கள், இல்லாவிட்டால் 20 லீற்றருக்கு மேல் அன்ரிஃபிரீஸ் அதற்குள்ளேயே போய்விடும். பிறகு காம்பருக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு அன்ரிஃபிரீஸைக் குழாய்களில் ஓட்டுங்கள். கார் இயந்திரத்துக்கு ஊற்றும் பச்சைத் திரவம் நஞ்சு. அது குடிநீர்க் குழாய்ப் பக்கமே வரக்கூடாது. காற்றழுத்தியால் ஊதுகிறவர்கள் 40 பீ.எஸ்.ஐ.க்கு மேல் போகாதீர்கள். வெளியிலிருக்கும் சவர்க் குழாயை மறப்பவர்கள் அதிகம். இது முடிந்தபின் 20 லீற்றர் கலன் இரண்டு, ஒரு பேசின், ஒரு செம்பு. ஊரில் வாளியில் அள்ளிக் குளித்த தலைமுறைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை.

குழாயோடுதான் போகவேண்டும் என்றால், தாங்கிகளும் வால்வுகளும் சூடாகும் பகுதிக்குள்ளேயே இருக்கும் காம்பராக வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஆம்ஸ்ட்ரோங்கில் செய்யப்படும் பிக்ஃபுட், கெலோனாவில் செய்யப்படும் நோர்தேர்ன் லைற் இரண்டையும் பனிக்காலக்காரர் விரும்புவதற்கு ஒரு காரணம் அவற்றின் உடல் இரண்டே இரண்டு ஃபைபர்கிளாஸ் அச்சுத் துண்டுகளால் ஆனது என்பதுதான். கூரையில் மூட்டு இல்லை, ஒழுக இடம் குறைவு. மற்றப்படி நான்கு பருவத்துக்கும் ஏற்றது என்று ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். குனிந்து, கழிவுநீர் வால்வு எங்கே இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அது வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் மைனஸ் 15இல் திறக்காது.

ஈரம் வெளியிலிருந்தும் வரும். கூரை விளிம்பிலோ மூலையிலோ ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அதற்குள் இறங்கும் தண்ணீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, வெடிப்பை மேலும் பெருப்பிக்கும். மரச்சட்டக் காம்பர்கள் உள்ளுக்குள்ளேயே உக்கிப் போவது இப்படித்தான். செப்ரெம்பரில் வெயில் இருக்கும்போதே கூரையில் ஏறி மூட்டுகளைப் பூசுங்கள். குளிர் வந்தபின் பசை சரியாகப் பிடிக்காது. பழைய காம்பர் வாங்கப் போகிறவர்கள் கட்டில் மூலைகளை உள்ளிருந்து பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வாருங்கள். விற்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயிலிலும் கலியாண வீட்டிலும் பழகிய ஒருவருக்குத்தான் பெரும்பாலும் விற்கிறீர்கள். எங்கே ஒழுகியது, எதைத் திருத்தினீர்கள் என்பதை வாய்திறந்து சொல்லிவிடுங்கள். அந்த மெத்தையில் படுக்கப்போவது அவர்களுடைய பிள்ளைகள்.

சோலர் கேள்வி மிச்சம் இருக்கிறது. டிசம்பர் 21ஆம் திகதி நண்பகலில் ரொறொன்ரோவில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைதான் எழும்பும். கல்கரியில் 15 அல்லது 16. கூரையில் தட்டையாகக் கிடக்கும் தகட்டுக்கு, வானம் தெளிந்திருந்தால்கூட, ரொறொன்ரோவில் நேர்வெயிலின் ஐந்தில் இரண்டு பங்கு, கல்கரியில் கால் பங்குக்குச் சற்று மேல். அதுவும் பனி மூடாமல் இருந்தால். பகல் கல்கரியில் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. கோடையில் சோலர் அருமையான பொருள். பனிக்காலத்தில் உங்கள் மின்சாரம் இரண்டு வழியால் வரவேண்டும்: மின்வசதி உள்ள முகாம் இடம், அல்லது ட்ரக்கின் ஓல்ரனேற்றரிலிருந்து டீசி-டீசி சார்ஜர் வழியாக, ஓடும்போதே பற்றரிக்கு. ஃபேர்னஸின் விசிறி 4 அம்பியர் எடுத்து, இருட்டான 14 மணித்தியாலத்தில் பாதி நேரம் ஓடினால் 28 அம்பியர்-மணி. 100 என்று எழுதியிருக்கும் ஈயப் பற்றரியில் பாவிக்கத்தக்கது பாதிதான். கடுங்குளிரில் அதுவும் சுருங்கிவிடும். முற்றாக இறங்கிய ஈயப் பற்றரி மைனஸ் 10 பாகை அளவிலேயே உறைந்து வெடிக்கும். லித்தியம் நல்லது. ஆனால் பூச்சியத்துக்குக் கீழே அதற்கு மின்னேற்றினால் உள்ளே உலோகம் படிந்து பழுதாகும். வெளிப்பெட்டியில் வைக்காமல் இருக்கைக்குக் கீழே, சூடான பகுதிக்குள் கொண்டுவந்து வையுங்கள்.

பாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கண்டிப்பாக. சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் ஒட்டு இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை கிலோ என்று அதில் எழுதியிருக்கும். காம்பர் விளம்பரத்தில் போடும் எடை வெறும் பெட்டியின் எடை. தண்ணீர், சிலிண்டர், பற்றரி, நாலு பேர், அரிசிப் பை எல்லாம் கூட்டிப் பாருங்கள். சாதாரண அரைத் தொன் ட்ரக்குகள் பல அந்தக் கணக்கில் தோற்றுவிடும். காற்றுப்பையும் உதவி ஸ்பிரிங்கும் ஆட்டத்தைக் குறைக்கும். அனுமதிக்கப்பட்ட எடையை ஒரு கிலோகூடக் கூட்டாது. ரயரில் மலையும் பனித்துகளும் வரைந்த குறி இருக்கவேண்டும், பாரத்துக்கான தரமும் இருக்கவேண்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி ரயர் சட்டம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப் பாதைகளில் ஒக்ரோபரிலேயே தொடங்கிவிடும். சுப்பீரியர் ஏரியோரமாக 17ஆம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள், தெரு மூடப்படும் என்று எதிர்பார்த்தே ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள். புறப்படமுன் கூரையிலுள்ள பனியை நீண்ட பிடியுள்ள தும்புத்தடியால் தரையில் நின்றே தள்ளுங்கள். அங்கிருந்து பறக்கும் பனிக்கட்டி பின்னால் வரும் காரின் கண்ணாடியில்தான் விழும்.

காசு செலவழிக்கும் ஒழுங்கை உங்களுக்கு இப்போது ஊகிக்க முடியும். எச்சரிக்கைக் கருவிகள், ஈரப்பதமானி, மெத்தைக்குக் கீழே வலைப்பாய், சின்ன விசிறி, யன்னல் மறைப்பு, கூரைப் பசை. இவை எல்லாம் சின்னச் செலவுகள்தான். இவற்றோடு ஒரு பனிக்காலத்தைக் கழித்துவிட்டுப் பிறகு பற்றரிக்கு வாருங்கள். சோலர் கடைசியில். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மேல்கட்டிலுக்கு ஏற முழங்கால் இடம்கொடாது, கீழே மேசையை இறக்கிக் கட்டிலாக்கி, அதற்கு நல்ல தடிப்பான மெத்தை ஒன்று போடுங்கள். அவர்களுக்கு வெளிவாசல் படியில் ஒரு கைபிடியும் வேண்டும், அந்தப் படி எப்போதும் பனியில் வழுக்கும்.

முதல் இரவை வீட்டு வாசலிலேயே கழியுங்கள். பல நகராட்சிகளில் வாசலில் காம்பர் நிறுத்த விதிகள் உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே எத்தனை பாகை, உள்ளே ஈரப்பதம் எவ்வளவு, சிலிண்டர் எத்தனை கிலோ குறைந்தது, காலையில் மெத்தைக்குக் கீழே கை வைத்தால் எப்படி இருந்தது என்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பிறகு பைனறி, மின்வசதியோடு. பிறகு மியூ லேக். குறித்து வைத்ததைத் தமிழில் எழுதி மற்றவர்களோடு பகிருங்கள். ஒரே ட்ரக்கும் ஒரே காம்பரும் வைத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு உங்கள் கொப்பி கடைக்காரரின் பேச்சைவிடப் பயன்படும். பெப்ரவரியில் குடும்ப தின நீண்ட வார இறுதி வருகிறது. அல்கோன்குவினில் மின்வசதி உள்ள இடம் வேண்டுமென்றால் இப்போதே பாருங்கள், அந்த மூன்று நாளும் முதலில் நிரம்பிவிடும்.

அன்புடன்,
ஒன்ராறியோவிலிருந்து உங்களில் ஒருவன்